உன் பங்கு மாத்திரை

"...ரெண்டு பேருக்கும்னு நர்சம்மா உன் கைல குடுத்த மாத்திரைய, எல்லாம் உனக்குத்தான்னு சொல்லி என்னையே முழுங்க வெச்சிகீறே! அதான் இந்த நோவு மூணாவது வாட்டி வந்துகீது."

பூந்தமல்லி பேருந்து நிறுத்தத்தில், கையில் ஆஸ்பத்திரிச் சீட்டும் புது மாத்திரை அட்டையுமாக ஒரு பெண் தன் கணவரை நிற்கவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லியேம்மே. நீ சீக்கிரம் தேறுவியேன்னுதான்..."

"வெளிய தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா? உன்கிட்டேந்து ஒட்டிக்கினதுய்யா இது. நீயும் மாத்திர போட்டு முடிக்கிற வரிக்கும் கிட்ட வராதே. அப்பாலயும் ஆணுறையோடதான்."

"மெதுவா பேசு. ஊட்டுக்குப் போய் போட்டுக்கிறேன். எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நோவு குடுக்கச்சே இல்லாத வெக்கம் மாத்திர முழுங்கச்சே இன்னாத்துக்கு?"

நசரத்பேட்டை பேருந்து வந்தது. அவர்கள் ஏறாமலே போனது. கணவர் அவர் நீட்டிய மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"வாயத் திற" என்றார் அந்தப் பெண். செல்போன் விளக்கைப் போட்டு நாக்குக்கு அடியிலும் பார்த்தார்.