வெள்ளைக் கடாவில் ஒரு எலுமிச்சை சோடா

ஹில்டா: ...அதுக்குன்னு கார்லயே உக்காந்து அந்த 'வெள்ளைக் கடா' பப் போர்டைப் பார்த்துக்கிட்டே இருப்பியா? இறங்குடா!

நாரிஸ்: புதுசா பெயின்ட் அடிச்சிருக்காங்கக்கா. கடாவுக்குக் கொம்பெல்லாம் வச்சு...

ஹில்டா: கொம்பு எப்பவும் இருந்துச்சு. அப்போ உனக்குத்தான் கண்ணு சரியில்ல.

நாரிஸ்: ம்... அதுவும் சரிதான்.

ஹில்டா: இந்த ஷ்ராப்ஷயர் மாவட்டத்துல இருக்கிற அத்தனை பழைய பப்லயும் ஏறி இறங்கியாச்சு. சொந்த ஊர் பப் வாசல்ல வந்து தயங்கறியா?

நாரிஸ்: அங்கெல்லாம் யாரும் என்னை 'இனி இந்த வாசப்படியை மிதிக்காதே'ன்னு சொல்லலையே. இங்க கடைக்கார மெர்வின் அண்ணன் சொன்னாரு. ஊரே பார்க்க.

ஹில்டா: போதையில டிராக்டரை விட்டு அவரு கடை முகப்பை இடிச்சா, மாலையா போடுவாரு?

நாரிஸ்: நானேதானக்கா திரும்பக் கட்டிக் கொடுத்தேன்! செங்கல் செங்கலா! அப்பவும் மனசு இரங்கல. நான் குடியை விட்டே எவ்வளவு காலமாச்சு... இன்னும் உள்ள விடல.

ஹில்டா: அதுக்குத்தான் வழி சொன்னாரே. 'விட்டுட்டேன்னு வீட்டுல உக்காந்து சொல்றது பெருசில்ல. ஒரு பழைய பப் பாக்கி விடாம போயி, மத்தவன் குடிக்கிறதைப் பார்த்துக்கிட்டே உக்காந்து, ஒரு சொட்டு தொடாம வரட்டும். அப்புறம் என் கதவைத் தட்டட்டும்.'

நாரிஸ்: தட்டினா திறப்பாரா? சனிக்கிழமை டெஸ்ஸாவோட கல்யாண விருந்து இங்கதான். சர்ச்ல அவளைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டு, விருந்து நேரத்துல பெத்த அப்பன் மட்டும் ரோட்டுல நிக்கணுமா?

ஹில்டா: அதைக் கேக்கத்தான வந்திருக்கோம். தள்ளு கதவை... இழுக்காதடா, தள்ளு!

மெர்வின்: கால்ல சேறு.

நாரிஸ்: ...துடைச்சுட்டேன் அண்ணே.

மெர்வின்: நல்லாத் துடை. வா ஹில்டா. என்ன வேணும்?

ஹில்டா: சைடர்னு நாக்கு சொல்லுது. வண்டி ஓட்டணுமே... டீ போடுங்க.

மெர்வின்: தம்பிக்கு?

நாரிஸ்: எனக்கு... ஊத்துவீங்களா அண்ணே?

மெர்வின்: கேட்டதுக்குப் பதில் சொல்லு. எல்லாத்துக்கும் போனியா?

நாரிஸ்: ஒண்ணு விடல.

மெர்வின்: பிஷப்ஸ் காசில் ஊரு தாண்டி, மலை மேல... 'ஊமைக் குயில்'?

ஹில்டா: அங்க ஏறுறதுக்குள்ள என் கார் முனகினது எனக்குத்தான் தெரியும். உள்ள ஆட்டுக்காரங்க ரெண்டு பேரு, ஒரு நாய்...

நாரிஸ்: நாய்தான் கணப்புப் பக்கத்து நாற்காலியில. நான் நின்னுக்கிட்டே சோடா குடிச்சேன்.

மெர்வின்: 'உழவன் ஓய்வு'?

நாரிஸ்: ஐயோ, அங்கதான் மாட்டிக்கிட்டேன். மேசையில ஒரு பண்ணைக்காரர். ஆளுக்கொரு முறை மேசைக்கே வாங்கணும்கிறது அங்க வழக்கம். அவரு முறை வந்ததும் எல்லாருக்கும் பீர் வாங்கிட்டாரு, எனக்கும் சேர்த்து. வேண்டாம்னேன். 'ஏன், நான் வாங்கிக் கொடுத்தா இறங்காதோ?'ன்னு சட்டைக் கையை மடக்கிட்டாரு.

மெர்வின்: பின்ன? ஒருத்தன் தன் முறைக்கு வாங்கினதைத் தள்ளினா, அவனையே தள்ளின மாதிரிதான. அப்புறம்?

ஹில்டா: 'அடுத்த முறை என்னோடது'ன்னு எந்திரிச்சான். மொத்த மேசைக்கும் பீர் வாங்கி இவனே தூக்கிட்டு வந்தான். விரல்ல பட்ட நுரையைக்கூட வாயில வைக்கல. கால்சட்டையில துடைச்சுக்கிட்டான்.

மெர்வின்: ம்.

நாரிஸ்: இதாவது பரவால்ல. இன்னொரு கொடுமை கேளுங்க. நான் குடிச்சுத் திரிஞ்ச காலத்துல ஒரு கடைக்காரன் ஓசியில ஊத்தியிருப்பானா?

மெர்வின்: நம்ம ஆளுங்களா? தண்ணிகூடத் தரமாட்டானுங்க.

நாரிஸ்: இப்போ போற இடமெல்லாம், 'வாங்க வாங்க, நம்ம கடை உபசரிப்பு'ன்னு நுரை பொங்கப் பொங்க நீட்டறானுங்க! ஒருத்தன் பாக்கி இல்ல! இந்த மாவட்டத்துக்கே தலை சுத்திருச்சா என்ன?

ஹில்டா: டீயில சர்க்கரை கம்மி, மெர்வின்.

மெர்வின்: நீ ஏன் பேச்சை மாத்தற? இருக்கட்டும்... டேய், இந்தா. இன்னிக்குத் திறந்த பீப்பாய். முதல் கிளாஸ். என் கையால ஊத்தினது. எடு.

ஹில்டா: மெர்வின்! இது நம்ம பேச்சுலயே இல்லையே!

மெர்வின்: நீ சும்மா இரு. எடுடா. இதுவும் ஒரு பப்தான?

நாரிஸ்: அண்ணே... வாசனை அப்படியே இருக்கு. பொய் சொல்ல மாட்டேன், நாக்குல எச்சில் ஊறுது... ஆனா இதைக் குடிச்சாத்தான் உள்ள விடுவேன்னா, சனிக்கிழமை நான் ரோட்டுலயே நிக்கிறேன். ஜன்னல் வழியா டெஸ்ஸாவைப் பார்த்துக்கறேன். இது வேண்டாம். வா அக்கா, போலாம்.

மெர்வின்: எங்கடா போற? உக்காரு! எலுமிச்சை சோடாவை எடுத்து வச்சுட்டு எவ்வளவு நேரம் நிக்கிறேன்! ஓசியில நீட்டச் சொல்லி எல்லாக் கடைக்கும் போன் போட்டவன் நான்தான். ஒரு பயகூட 'உங்காளு வாங்கிட்டான்'னு சொல்லலையே! எனக்கே பெருமையாப் போச்சு!

நாரிஸ்: அடப்பாவி அண்ணே! நீங்களா?

ஹில்டா: எனக்கும் தெரியும்டா. முறைக்காத.

நாரிஸ்: அப்போ... சனிக்கிழமை?

மெர்வின்: நடு மேசை. மாப்பிள்ளைக்கு முன்னாடி உனக்குத்தான் முதல் தட்டு.

நாரிஸ்: ஜெயிச்சுட்டேன்க்கா! ஷ்ராப்ஷயர் பூரா ஜெயிச்சுட்டேன்!

ஹில்டா: கத்தாதடா, எல்லாரும் பாக்கறாங்க... இல்ல, கத்து. நல்லாக் கத்து.

நாரிஸ்: ஆனா அண்ணே, ஒண்ணு மட்டும் புரியல. முகப்பைத்தான் கட்டிக் கொடுத்துட்டேனே. அதுக்கா இத்தனை வருஷக் கோபம்?

ஹில்டா: அதை விடேன் இப்போ...

மெர்வின்: இல்ல ஹில்டா, தெரியட்டும். டேய், முகப்பை இடிச்சவனை ஒரு வாரம் உள்ள விடமாட்டேன், அவ்வளவுதான். ஆனா மறுநாள் காலையில பள்ளிக்கூட உடுப்போட உன் பொண்ணு வந்து நீ நிக்கிற இடத்துல நின்னா. 'எங்கப்பாவுக்கு இனிமே ஊத்தாதீங்க மாமா... நான் கேட்டேன்னு சொல்லிடாதீங்க'ன்னு அழுதா. இன்னிக்குக் காலையில மறுபடியும் வந்து நின்னா. 'சனிக்கிழமை எங்கப்பா கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உங்க கடைக்குள்ள வருவேன், அன்னிக்கு நான் கேட்டதை இப்போ அவர்கிட்ட சொல்லிடுங்க மாமா'ன்னா.