பின்வாங்கும் டாங்கி

“மச்சான், முட்டிய ஒதுக்குங்க, டாங்கி நசுங்குது.”

கம்பத்திலிருந்து மதுரை போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் கேட்டது. சொன்னவர் மடியில் செருப்புப் பெட்டி. உள்ளே ஒரு சாண் நீளத்துக்குப் பொம்மை ராணுவ டாங்கி, அதன் மேல் ஒரு குட்டிச் சிப்பாய்.

“டாங்கி செட்டோட வந்த ரப்பர் சக்கரச் செயினக் கழட்டிப் போட்டுட்டு, தனியா மெட்டல் செயின் வாங்கி ஒவ்வொரு கண்ணியா கோர்த்திருக்கேன் மச்சான். மூணு வாரம். இன்னைக்கு மாடல் செய்யுற போட்டியில லென்ஸ் வச்சுப் பாப்பாக.”

மச்சானுக்கு டிராக்டர் ஓட்டும் வேலை போல. பெட்டிக்குள் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

“மாப்ளே, செயின்ல வரியெல்லாம் திரும்பிக் கிடக்கே. டிராக்டர் டயர இப்படி மாத்தி மாட்டுனா சேத்துல முன்னாடி ஏறாது, பின்னாடிதான் போகும்.”

மாப்பிள்ளை முகம் செத்துப்போனது. சின்னமனூர் தாண்டும்வரை செயினை விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

“போட்டியில கேட்டா, டாங்கி பின்வாங்குதுன்னு சொல்லிருவமா மச்சான்?”

“மேல நிக்கிற சிப்பாய் முன்னாடியில்ல கைய நீட்டுறான்? அவனத் திருப்பி வையி.”

“அவன ஒட்டிட்டேனே.”

மச்சான் சிப்பாயை லேசாக அசைத்துப் பார்த்தார்.

“அப்ப அவனுக்கு இன்னும் விசயம் தெரியாதுன்னு சொல்லு.”