தகரத்தில் எழுதிய பெயர்கள்

மேடையில் வீற்றிருக்கும் கோயில் தலைவர் அவர்களே, குழுவினரே, படகுத்துறைத் தோழர்களே, மாவ்பி ஊரிலிருந்து லைன்கார் வண்டியில் நெருக்கியடித்து வந்திருக்கும் நம் சனங்களே, முன்வரிசையில் அழுது ஓய்ந்திருக்கும் அப்பாசாமியின் வீட்டுக்காரம்மா, தங்கை சொர்ணம்மாள் அவர்களே! இந்த இரங்கல் கூட்டத்தில் கோயில் செயலாளர் கணேஷ்குமாரின் வணக்கம். நன்றாகப் பேசுவேன் என்று நம்பி என்னை எழுப்பிவிட்டிருக்கிறீர்கள்.

யார் இந்த ஊ அப்பாசாமி? 'ஊ' என்பது பர்மிய மரியாதை, எனக்கு அவர் தம்பி அப்பாசாமி. போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை தூக்கி மேஸ்திரியானவர். மாவ்பியில் அவருக்குச் சொந்தமா, பந்தமா? ஒன்றும் கிடையாது! சித்திரையில் சுழல்காற்று அடித்து அங்கே முப்பத்தோரு வீடுகளின் கூரை பறந்தது என்று கேட்ட மறுநாளே அரிசி மூட்டையோடு போய் நின்றார். அரசு நிவாரணம் கேட்டு மனு எழுதினார். "பெரிய புயலுக்குத்தான் நிவாரணம். ஒரு தெருவில் அடித்த காற்றுக்குக் கிடையாது" என்றார்கள். ஒரு தெருவில்தான் அடித்தது ஐயா! அந்தத் தெருவில் மிச்சம் என்ன இருந்தது?

மறுபடி மனு போட்டார். வந்து பார்க்கிறோம் என்றார்கள்; எப்போது என்று சொல்லவில்லை. மழை காத்திருக்குமா? இங்கே நம் ஊரில் சந்து சந்தாக நடந்தார் அப்பாசாமி. "வீட்டுக்கு ஒரு தகரம் தாங்க." அவ்வளவுதான் அவர் பேச்சு. ஷாஹுல் பாய் கடையில் ஒன்று கேட்டார், பாய் பத்து ஏற்றி அனுப்பினார்.

இங்கேதான் நான் வருகிறேன். நம் கோயில் ட்யூப்லைட்டை அண்ணாந்து பாருங்கள். வெளிச்சத்தைவிட 'உபயம்' என்ற எழுத்து பெரிதாக இருக்கும். அதே பழக்கத்தில், தகரத்திலும் கொடுத்தவர் பெயரைப் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான்.

"தகரத்துல பேரு என்னாத்துக்குண்ணே? மழைக்குப் படிக்கவா தெரியும்?" என்றார்.

"கொடுத்தவன் மனசு குளிர வேணாமாப்பா?" என்றேன்.

பெரியவன் பேச்சைத் தட்டமாட்டார். தமிழிலும் பர்மிய மொழியிலும் சிவப்புப் பெயிண்டில் எழுதினோம். சாயம் போகாமலிருக்க உட்பக்கம் எழுதச் சொன்னதும் இந்தப் புத்திசாலிதான்!

பதினான்கு வீடுகளுக்குக் கூரை போட்டிருந்தோம். அப்போது வந்தார் அதிகாரி. வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தார். ஒவ்வொரு பெயராக வாசித்தார். "உங்க ஆளுங்களே பாத்துக்கிட்டாங்களே, நாங்க எதுக்கு?" என்று முப்பத்தோரு வீட்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டுப் போனார். கூரையே இல்லாத பதினேழு வீட்டையும் சேர்த்து!

அப்பாசாமி என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? "விடுண்ணே, இன்னொரு மனு எழுதுவோம்" என்றார். போன வியாழக்கிழமை அந்த மூன்றாவது மனுவைக் கொடுத்துவிட்டு, கியாக்டடாவில் பஸ்ஸுக்கு நின்றவர் அங்கேயே சரிந்தார், பிறகு எழவேயில்லை. நேற்று பதில் வந்தது. கிடையாதாம்.

மாவ்பியிலிருந்து வந்திருக்கும் நம் பெண் மா ராதாமணி இந்த ஆடி மழையிலும் தார்ப்பாயின் கீழே பிள்ளைகளோடு இருக்கிறார். கூட்டம் தொடங்குமுன் என்னிடம் கேட்டார்: "இனி யாருகிட்டப் போய்ச் சொல்றது மாமா?" அந்தக் கேள்வியோடுதான் இந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

உறுதிமொழி சொல்லி முடிக்க வேண்டுமாம். அரசு மனமிரங்கும் என்று எந்த வாயால் சொல்வேன்? மழை பொறுக்கும் என்று சொல்லவா? பதினேழு வீட்டுக்கும் தகரம் கேட்டு நடப்போம். முழங்கால் வலிக்கிறது, நடப்பேன். அதில் 'அப்பாசாமி நினைவாக' என்று எழுதலாமா என்று குழுவில் கேட்டார்கள். வேண்டாம் ஐயா, வேண்டவே வேண்டாம்!

நாளைக் காலையில் ஏணியும் உப்புத்தாளுமாக மாவ்பிக்குப் போகிறேன். எழுதியதையெல்லாம் தேய்த்து எடுக்கப்போகிறேன். அதனால் நிவாரணம் வந்துவிடாது, தம்பி அப்பாசாமி, தெரியும். ஆனாலும் தேய்ப்பேன். முதல் வீட்டின் முதல் தகரத்தில், எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் இருப்பது என் பெயர்.