நாலு தடவை திரும்பி வந்த குறிப்பு

லுப்னா: நான் எழுதின புரோகிராமை மறுபடியும் திருப்பி அனுப்பிட்டியா? நாலாவது தடவை, சுஹைர்.

சுஹைர்: படிச்சேன்... புரியல.

லுப்னா: உனக்கா புரியல? டெஸ்ட் எல்லாம் பாஸ். இன்னும் என்னய்யா வேணும்?

சுஹைர்: கோட் நல்லாத்தான் இருக்கு. அதுக்கு மேல எழுதியிருக்கியே ஒரு குறிப்பு... நீயே வாசி.

லுப்னா: 'வழக்கம்போல ஒரு மணி நேரம் கழிக்கவும்.'

சுஹைர்: யாரோட வழக்கம்?

லுப்னா: நம்ம வழக்கம்தான். ரமலான் வந்தா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளுவோம். காசாபிளாங்காவுல பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும்.

சுஹைர்: படிக்கிறவன் காசாபிளாங்காவுலதான் பொறந்திருக்கணுமா? போன வருஷமும் இதே கதைதான். கிளினிக் ஆப்புல இந்த ஒரு வரி எதுக்குன்னு யாரும் எழுதி வைக்கல. வேண்டாத வரின்னு ஒருத்தன் தூக்கிட்டான். நோயாளிங்க நாப்பது பேரு...

லுப்னா: ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து, பூட்டின கதவு முன்னால மழையில நின்னாங்க. எத்தனை வாட்டி சொல்லுவ? தூக்கினவன் நீதானே?

சுஹைர்: நான்தான். அதான் அடிச்சுக்கிறேன். ஞாயித்துக்கிழமை மணி மாறுது. மறுபடி அவங்க நனையக் கூடாது. அப்புறம் கோட்ல இந்தப் பகுதிக்கு இதென்ன பேரு... ஹரீரா?

லுப்னா: ரமலானுக்குன்னு எழுதின கோட். ஹரீரா இல்லாம நோன்பு தொறப்பியா நீ?

சுஹைர்: சூப்பு பேரெல்லாம் வேணாம் தாயே. அது என்ன வேலை செய்யுதோ அதையே பேரா வை.

லுப்னா: சரி வாத்தியாரே. நாளைக்கு இதைத் தொறந்து படிக்கப்போறது நீதானே, எதுக்கு இவ்ளோ அலட்டிக்கிற?

சுஹைர்: ...நான் இல்லாட்டி?

லுப்னா: ஏன், எங்க போற?

சுஹைர்: மாண்ட்ரியல். வேலை கெடைச்சிருக்கு. சொல்லணும்னுதான் இருந்தேன்...

லுப்னா: ம்.

சுஹைர்: என்ன, ஒரு அதிர்ச்சியும் காணோம்?

லுப்னா: போன வாரம் மேனேஜர்கிட்ட பேசிட்டிருந்த. கதவு தொறந்திருந்துச்சு. 'லுப்னாவோட வேலையைப் பாத்து முடிச்சதும் கெளம்பிடறேன்'னு சொன்ன.

சுஹைர்: அப்பவே கேக்க வேண்டியதுதானே... ஆனா ஒண்ணு. எப்பவும் அவ்ளோ தெளிவா எழுதறவ நீ. இதுல மட்டும் ஏன் இப்படி சொதப்பற? ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டே நாள்தான் இருக்கு, லுப்னா.

லுப்னா: பயப்படாத. ஏன் கழிக்கிறோம், எந்தத் தேதியிலேருந்து, எதுவரைக்கும்... எல்லாம் விவரமா, ஒழுங்கான பேரு வச்சு செவ்வாய்க்கிழமையே எழுதிட்டேன். அனுப்பினா நீ ஒத்துக்குவ... அப்புறம் கெளம்பிடுவ.