ஆடாத தொட்டில்

கொல்லிமலைக்கு ரோடு இல்லாத காலம் அது. சேந்தமங்கலம் சந்தையில், மூங்கில் கூடை முடைந்து விற்கும் அம்மாளின் கீற்றுக் கொட்டகையில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தேன். மலையிலிருந்து இறங்கி வந்த ஒருவர், ஒவ்வொரு கூடையாகத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தார்.

“தொட்டில் வேணுங்க அக்கா. ஆனா ஆடக் கூடாது.”

“ஆடாத தொட்டிலா? அது எதுக்குங்க சாமி?”

“கூடைக்கே குட்டையா காலு வெச்சுக் குடுங்க. பாயில படுத்தபடியே எம் பொண்டாட்டி கைய நீட்டுனா, புள்ள நெஞ்சு தட்டுப்படோணும்.”

“மலையில எல்லாரும் சேலையத்தானே விட்டத்துல கட்டித் தொங்கவிடுவீங்க? ஆட்டுனாத்தானே புள்ள தூங்கும்?”

அவர் வெளியே போய் மழையில் நின்றார். உடனே திரும்பி வந்து, ஒரு கூடையின் விளிம்பை அழுத்திப் பார்த்தார்.

“ஓரம் தணிவா இருக்கோணுங்க. மூடி வேண்டாம். மூஞ்சி தெரியோணும்.”

“ஆட்டாம வெச்சா ராவெல்லாம் அழுவுமே?”

“அழுவட்டுங்க. அழுதாத் தேவலைங்க.”

அந்த அம்மாள் மூங்கில் பிளப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

“மூத்தவன் சேலையிலதான் கெடந்தானுங்க. அழுகை நின்னுச்சு. தூங்கிட்டான்னு நெனச்சு, விடியிற வரைக்கும் நான் ஆட்டிக்கிட்டே இருந்தனுங்க.”