கொக்குத்திட்டு வளர்மதி விரும்பிக் கேட்ட பாட்டு

டீ நன்றாக இருக்கிறது ஐயா. ஸ்டேஷன் டீ இவ்வளவு பதமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் முன்னாலேயே ஒரு தடவை வந்து போயிருப்பேன்.

வளர்மதி என்கிற பெண்ணின் சாவைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன், மறைக்க ஒன்றும் இல்லை. ரோஸ்மேரி ஏட்டம்மா கை வலிக்காமல் எழுதட்டும், நான் நிறுத்தி நிறுத்தியே பேசுகிறேன். ஆனால் அந்தப் பெண்ணுக்கு முன்னால் சகாதேவனைச் சொல்ல வேண்டும். வெளியே மொட்டைத் தலையோடு, தூக்குப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான்.

நானும் அவனும் ஒரே படகு. மற்றபடி ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. நைனா என்று என்னைக் கூப்பிடுவான், அது அவன் வாய்ப்பழக்கம். நாற்பதைத் தாண்டிவிட்டான், கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போகிற நாளிலெல்லாம் எப்படியோ எங்களுக்குப் பாடு வந்துவிடும். வராத நாளிலும் வந்ததாக நான் ஒன்றிரண்டு தடவை சொல்லியிருக்கலாம். சரியாக ஞாபகம் இல்லை.

பாடு என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் எழுதிக்கொள்ளட்டும். பழவேற்காடு ஏரியில் நினைத்த இடத்தில் நினைத்த நாளில் இறாலுக்கு வலை கட்ட முடியாது. எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறோம். அந்த முறைதான் பாடு. முறை வருகிற நாளில் படகில் இரண்டு ஆள் நிற்க வேண்டும். ஒரே ஆளாகப் போய் நின்றால் ஊர்க்காரர்கள் சிரித்துவிட்டு, முறையை அடுத்த படகுக்குக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு இந்த வயதில் புது ஆள் யாரும் வர மாட்டான். இருக்கிற பிள்ளைகளெல்லாம் கம்பெனி பஸ் ஏறிவிட்டார்கள். ஆக, சகாதேவன் இல்லை என்றால் எனக்கு ஏரி இல்லை. இதை நான் சுயநலமாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன்.

இப்படி இருக்கும்போது மீஞ்சூரில் இருக்கிற அவன் அக்கா அவனுக்கு ஒரு வேலையும் ஒரு பெண்ணும் பார்த்தாள். வேலை, ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன். பெண், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கிற பொன்னியம்மாள். புருஷனை இழந்தவள், நல்ல மாதிரி. நான் யோசித்துப் பார்த்தேன். மீஞ்சூரில் பகலெல்லாம் லாரிப் புழுதி, இடையிடையே ரயில் சத்தம். காலையில் கண் விழித்ததும் தண்ணீரைப் பார்க்காவிட்டால் சகாதேவனுக்கு வயிறு சரியாக இருக்காது. அவன் உடம்பை நினைத்துத்தான் நான் இதில் இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் எஃப்.எம்.மில் 'பாட்டு ஏணி' வருகிறது. பத்தாம் படியிலிருந்து முதல் படி வரைக்கும் அந்த வாரத்துப் பாட்டுகள். ஹரிஷ் என்று ஒரு பையன் பேசுவான், மூச்சு விடுகிற சத்தமே கேட்காது. ஒவ்வொரு படிக்கும் இன்னார் இன்னாருக்காகக் கேட்ட பாட்டு என்று வாட்ஸப்பில் வந்ததை வாசிப்பான். ஏரியில் இருக்கிற அத்தனை படகிலும் அந்த நேரத்தில் அதுதான் ஓடும். குரலாகவும் அனுப்பலாம், எழுத்தாகவும் அனுப்பலாம். எனக்கு எழுத்துதான் வசதியாகப் பட்டது.

முதல் வாரம் ஒரு சின்னப் பிசகு. 'பசியாவரம் சகாதேவன் அண்ணனுக்காகக் கொக்குத்திட்டு வளர்மதி விரும்பிக் கேட்கும் பாட்டு' என்று அனுப்பிவிட்டேன். ஒரு பெண் மரியாதையாகப் பேசினால் அண்ணன் என்றுதானே வரும். ஹரிஷும் அப்படியே வாசித்துவிட்டான். சகாதேவன் வலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றான், படகு ஆடியது.

"நைனா, கேட்டியா? எனக்கு ஒரு தங்கச்சி கீது."

"கேட்டேன். உக்காரு, படகு கவுந்துரும்."

"கூடப் பொறந்தது ஒரே அக்காதான்னு எவ்ளோ நாள் ஏங்கியிருக்கேன் தெரியுமா? பொங்கலுக்குச் சீர் அனுப்பணும் நைனா. அட்ரஸ் இன்னான்னு தெரியலயே."

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு வளர்மதி திருத்திக்கொண்டாள். 'போன வாரம் அண்ணன் என்றது கூச்சத்தில் வந்தது, மனதில் இருப்பது வேறு' என்று அனுப்பினாள். ஹரிஷ் அதை வாசித்துவிட்டு விசில் அடித்தான். சகாதேவன் முகத்தைக் கழுவினான், தலையை வாரினான். நடு ஏரியில் அவனைப் பார்க்க நானும் நாரைகளும்தான் இருந்தோம்.

கொக்குத்திட்டு எங்கே இருக்கிறது என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி. ஏரியில் அவனுக்குத் தெரியாத திட்டு இல்லை. வடக்கே ஆந்திரா பக்கம் இருக்கிறது என்று சொன்னேன். முகத்துவாரம் மண் மூடி ஏரி வற்றுகிற காலத்தில்தான் தெரியும், தண்ணீர் ஏறினால் ஊர் உள்ளே போய்விடும், அப்போது சனங்கள் அவரவர் படகில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள், வற்றினதும் இறங்கி அதே இடத்தில் அடுப்பு மூட்டுவார்கள் என்று சொன்னேன். கோழிகள்கூட அங்கே நீந்தும் என்றும் சொன்னேன். அது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவன் கோழிக்காகத்தான் நம்பினான். அப்படி ஒன்றை யாராலும் இட்டுக்கட்டிச் சொல்ல முடியாது என்றான்.

வாரா வாரம் வளர்மதி பாட்டுக் கேட்டாள். இவன் போட்டிருந்த நீலச் சட்டை நன்றாக இருந்தது என்றாள். சகாதேவன் அக்காவுக்குப் போன் போட்டு மீஞ்சூர் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.

பொன்னியம்மாள் அப்படி விடுகிற ஆளில்லை. பஸ் பிடித்து, படகு பிடித்து எங்கள் ஊர் பசியாவரத்துக்கே வந்துவிட்டாள். சகாதேவன் அவளைப் பார்த்ததும் வலையைப் பிரிக்கிற மாதிரி குனிந்துகொண்டான். அவன் மனசு கொக்குத்திட்டில் இருக்கிறது என்று நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

"பெரியவரே, அந்தத் திட்டுக்கு பஸ் கீதா?"

"இல்லம்மா."

"கரண்ட்டு?"

"தண்ணி வத்துனா வரும்."

"அப்போ போனுக்கு எங்க சார்ஜ் போடுது அந்தப் பொண்ணு?"

நான் நாரைகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கொண்டுவந்த இட்லிப் பொட்டலத்தைச் சகாதேவன் பக்கத்தில் வைத்துவிட்டு, "நீ துண்ணு. வாரத்துக்கு ஒருவாட்டிதான் பேசறவ உனக்குச் சமைச்சா போட்ருவா" என்று சொல்லிவிட்டுப் போனாள். புத்திசாலி. அவளிடம் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இட்லியும் மெத்தென்று இருந்தது, பெரும்பாலும் நான்தான் சாப்பிட்டேன்.

இதோடு நின்றிருந்தால் ஒருவருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் சகாதேவன் தேட ஆரம்பித்துவிட்டான். வேலை இல்லாத நாளில் படகை எடுத்துக்கொண்டு வடக்கே போனான். பிறகு வேலை இருக்கிற நாளிலும் போனான். வெயிலில் கருவாடாகித் திரும்பி வருவான், நாளைக்கு இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்க்கிறேன் நைனா என்பான். ஒரு நாள் எங்களுக்கு முறை. நல்ல இடம், வருஷத்தில் அபூர்வமாக விழுகிற சீட்டு. நான் கரையில் தனியாக நின்றேன். ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். முறை அடுத்த படகுக்குப் போனது. அவர்கள் அன்றைக்கு அள்ளிய இறாலை நான் என் கண்ணால் பார்த்தேன் ஐயா. ஒவ்வொன்றும் விரல் தண்டி.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். அவள் இருக்கிற வரைக்கும் இவன் உருப்பட மாட்டான். ஆத்திரத்தில் செய்ததில்லை. சாவகாசமாக உட்கார்ந்து யோசித்துத்தான் செய்தேன்.

எப்படி என்பதுதான் சிரமமாக இருந்தது. காமாலை என்றால் இழுத்துக்கொண்டு கிடக்கும், இவன் மருந்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். படகு கவிழ்ந்தது என்றால் பிணத்தைத் தேடப் போவான். கடைசியில் சொறி பட்டுச் செத்துப்போனாள் என்று போட்டேன். சொறி என்றால் தண்ணீரில் குடை மாதிரி மிதக்குமே, அந்த ஜெல்லி மீன். 'என் மகள் வளர்மதி சொறி பட்டு இறந்துவிட்டாள், அவள் நினைவாகச் சகாதேவனுக்கு ஒரு பாட்டு, இப்படிக்கு அவளைப் பெற்றவன்.' அனுப்பிவிட்டு ஒரு வெற்றிலை போட்டேன்.

சோகப் பாட்டு ஒன்று வந்திருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். அந்த வாரம் ஏணியில் சோகப் பாட்டே இல்லை. ஹரிஷ் தழுதழுத்த குரலில் வாசித்து முடித்தான், உடனே மூன்றாம் படிப் பாட்டு வந்தது. கல்யாண ஊர்வலத்தில் தவிலும் டிரம்ஸும் சேர்ந்து அடிக்கிற குத்துப்பாட்டு. ஏரியில் அத்தனை படகும் என்ஜினை நிறுத்தின. ஆண்கள் தலைத்துண்டைக் கழற்றினார்கள். பாட்டு முடிகிற வரைக்கும் ஒருவரும் அசையவில்லை. மறுநாளே சகாதேவன் அவளுக்காக மொட்டை போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து எந்தக் கல்யாண வீட்டில் அந்தப் பாட்டுப் போட்டாலும் சகாதேவன் பந்தியிலிருந்து எழுந்து போய்ச் சுவரோரமாக நின்று அழுவான். ஏட்டம்மாவும் அன்றைக்கு அழுததாகச் சொன்னார்கள். மன்னிக்க வேண்டும்.

தப்பு எங்கே நடந்தது என்றால் சொறியில்தான். பட்டணத்துப் பையன் ஹரிஷுக்கு அது போதும். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் மீன் பிடிக்கிற சனம். நம் ஏரிச் சொறி பட்டால் அரிக்கும், தடிக்கும், வெந்நீரை ஊற்றினால் போய்விடும். அதில் செத்தவர் கிடையாது. எனக்கே நூறு தடவை பட்டிருக்கும். அவசரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. தோணிரேவு மரியம்மாவுக்கு உடனே தோன்றிவிட்டது. அந்த அம்மா மகளிர் குழுப் பெண்களைக் கூட்டி, அடுத்த வாரம் ரேடியோவுக்குக் குரலிலேயே அனுப்பினாள்: "சொறி பட்டு எந்தப் பொண்ணு செத்துச்சு, சொல்லு. ஆசப்பட்டவனோட போயிரும்னு அப்பன்காரனே கொன்னுட்டு, சொறி மேல பழியப் போடறான்." அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கருப்பு பேட்ஜ், பேனர், மனு. பேனரில் படம் வேண்டுமே என்று ஒரு தாமரைப் பூவைப் போட்டிருந்தார்கள். பெண் அந்த மாதிரி இருந்திருப்பாள் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

நீங்கள் நம்பரைத் தேடினீர்கள். பெண் பாட்டுக் கேட்டதும் என் போன், அப்பன் சாவுச் செய்தி சொன்னதும் என் போன். கேஸ் அவ்வளவு சுத்தமாகப் பொருந்துகிறது. படித்துக் காட்டியபோது எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது.

அதனால் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். வளர்மதியை உண்டாக்கியது நான், கொன்றதும் நான். பிணம் இல்லை, திட்டு இல்லை, நீந்துகிற கோழியும் இல்லை. நீங்கள் சிரிப்பதாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு சிரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சகாதேவனுக்குக் கேட்கக் கூடாது.

ஏன் என்றால், நேற்று அவன் என்னைப் பார்க்க உள்ளே வந்தான். ஊரே என்னைப் பார்த்துத் துப்புகிறது, இவன் மட்டும் மீன் குழம்பு கொண்டுவந்தான். நைனா என்று கூப்பிடவில்லை.

"மாமா, துண்ணு" என்றான்.

நான் சாப்பிட்டேன்.

"வடக்க உனக்கு ஒரு குடும்பம் கீதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நான் இன்னா ஊர்ல சொல்லிடவா போறேன்? சட்ட கலர்லாம் எப்டித் தெரிஞ்சுதுன்னு இப்பதான் புரியுது." பாத்திரத்தை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தான். "கோவத்துல செஞ்சுட்ட. பொண்ணப் பெத்தவன். இனி உனக்கு யாரு கீறாங்க, நான்தான். மீஞ்சூருக்கு நான் போவல. வெளிய வந்ததும் சொல்லு, படகு ரெடியா இருக்கும்."

என் மகளைக் கொன்றதற்காக அவன் என்னை மன்னித்துவிட்டான் ஐயா. அப்படி ஒரு மனசு. அந்த நேரத்தில் போய், உனக்கு வளர்மதி என்று ஒருத்தி இருந்ததே இல்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அவன் தாங்க மாட்டான். அவனுக்காகத்தான் நான் வாயைத் திறக்கவில்லை. குழம்பில் மாங்காய் போட்டிருந்தான், நன்றாக இருந்தது.

அவனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லப்போவதாகச் சொல்கிறீர்கள். வேண்டாம். வரும் வாரம் எங்களுக்கு முறை வருகிறது. எழுதி வாங்கிக்கொண்டு, புத்தி சொல்லி அனுப்பிவிடுங்கள். இனி ஜென்மத்துக்கும் பாட்டு ஏணிக்கு மெசேஜ் போட மாட்டேன் என்று எழுதச் சொன்னீர்கள், எழுதிக்கொள்ளட்டும். கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடுவேன்.

ஒன்றே ஒன்றுதான் மனதை உறுத்துகிறது. இந்த ஞாயிறு ஏணியில், ஐந்தாம் படியில், பொன்னியம்மாள் ஒரு பாட்டுக் கேட்டிருந்தாளாம். 'மொட்டைத் தலைக்கு வெயில் ஆகாது, கடையில் நிழல் இருக்கிறது' என்று சொல்லிச் சகாதேவனுக்காகக் கேட்டாளாம். அவனே என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டுத் தலையை ஒரு தடவை தடவிக்கொண்டான். அவன் தடவிய விதம் எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் போனை மட்டும் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டால் உதவியாக இருக்கும். இவ்வளவு நேரம் பேசியதில் ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று, ஏட்டம்மா இதை எழுத வேண்டாம். வளர்மதிக்கு ஒரு தங்கை இருக்கிறாள்.