வாய் திறக்காத குஞ்சு

தராசைத் துடைக்காமல் நான் எடை போட்டதே இல்லை ஐயா. அரங்கநாதன் சார் பழக்கிய பழக்கம். காலேஜ் வாத்தியார். எழுபத்தாறில் எங்கள் குருவிநத்தத்துக்கு வந்து தூக்கணாங்குருவிக் குஞ்சுகள் எப்படி வளர்கின்றன என்று ஆராய்ந்தார். ஈச்சமரம் ஏற ஆள் தேடினார், நான் போனேன். கூட்டின் பக்கத்தில் சின்னதாகக் கீறி, குஞ்சை எடுத்துத் தராசில் நிறுத்து, திரும்ப வைத்து நாரால் தைத்துவிடுவேன். பாதிக் கூடுகளுக்கு மட்டும் வெட்டுக்கிளி கூடுதலாக ஊட்டுவோம்.

செத்த குஞ்சுகளை அறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார். "ஆண் குஞ்சு பெருசா வளரும் சிங்காரவேலு, அதுக்குத் தீனி அதிகம் வேணும். பொட்ட கொஞ்சத்துலயே தாங்கிக்கும்."

அந்த ஆவணியில் என் பெண்டாட்டி சிந்தாமணிக்கு இரட்டைப் பிள்ளை, ஆண் ஒன்று, பெண் ஒன்று. அவள் ஜுரத்தில் விழுந்தாள், பால் வற்றிப்போயிற்று. டப்பாப் பால் கரைத்து ஊட்டியது நான்தான். ஒரு டப்பா இரண்டு பேருக்கு எந்த மூலைக்கு? பையனுக்கு நாலு கரண்டி, பெண்ணுக்கு ஒன்று. பகலெல்லாம் மரம், வீட்டுக்கு வந்தால் இரண்டு வாய். அலுத்துப்போனேன்.

செல்லப்பன் கடைத் தராசை இரவல் வாங்கி இருவரையும் தினம் நிறுத்தேன். பையன் ஏறினான். பெண் இறங்கினாள். இரண்டையும் நோட்டில் குறித்தேன்.

"இன்னாய்யா, பொண்ணு கத்தவே மாட்டேங்குது?" என்றாள் சிந்தாமணி.

"பசி இல்ல. நீ படு."

இருபதாம் நாள் பெண் போய்விட்டாள். அன்றைக்கும் நிறுத்தேன், நோட்டில் இடம் விட்டால் சாருக்குப் பிடிக்காது. அந்த நோட்டை மச்சான் இருசப்பன் படித்துக் காட்டிய பிறகுதான் சிந்தாமணிக்கு விஷயம் தெரிந்தது, ஸ்டேஷனிலிருந்து நீங்களும் வந்தீர்கள்.

பெண்ணைப் பட்டினி போட்டது நான்தான். வாத்தியார் சொன்னதை விவரம் இல்லாதவன் தப்பாகப் புரிந்துகொண்டான் என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சார் இன்னொன்றும் சொல்லியிருந்தார். வாய் திறக்காத குஞ்சை விட்டுவிடாதே, அலகை விரலால் பிரித்து ஊட்டு என்று. அந்த வருஷம் பதினோரு குஞ்சுகளுக்கு அப்படி ஊட்டினேன். ஆணா பெண்ணா என்று உயிரோடு இருக்கும்போது குஞ்சில் தெரியாது. பதினொன்றும் பிழைத்துப் பறந்துபோயின.